தசை சுருங்கும் வகை: ஒரு வரலாற்று நோக்கு

உழவன் ஏர் பிடித்து உழுவதும், மாணவன் எழுதுகோல் பிடித்து எழுதுவதும், தாய் குழந்தையை எடுத்தணைப்பதும் தசையின் தொழிலே. நாம் அறியாமலே இரவும் பகலும் நிகழும் இதயத்துடிப்பும் அத்தகையதே. மனிதனின் எண்ணம் செயலாக வெளிப்படுவதற்குத் தசையன்றி வேறு வாயில் இல்லை. மென்மையான ஊன் ஒன்று, வெளியிலிருந்து எதுவும் தள்ளாமலும் இழுக்காமலும், தானே குறுகித் தன்னிலும் பன்மடங்கு கனமான பொருளை எங்ஙனம் தூக்குகின்றது? இவ்வினா ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அறிஞரைச் சிந்திக்க வைத்தது.

இதற்கான விடை 1954 ஆம் ஆண்டில் வெளிவந்தது என்பது பாடநூல்கள் கூறும் செய்தி. அது மெய்யே. ஆயின் அவ்விடைக்கு அடிப்படையான காட்சி, அதற்கு 85 ஆண்டுகளுக்கு முன்னரே நுணுக்குக்காட்டியிற் காணப்பட்டு, அச்சிலும் ஏறி, பின்னர் அத்துறை அறிஞராலேயே கைவிடப்பட்டது என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. கண்ட உண்மை எவ்வாறு மறக்கப்பட்டது, மறந்தது எவ்வாறு மீட்கப்பட்டது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டையோர் கொள்கை

கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த மருத்துவர் எராசிசுத்திராத்தசு, நரம்பின் வழியாக ஒருவகை உயிர்க்காற்றுத் தசையினுட் புகுந்து அதனை வீங்கச் செய்கின்றது என்றும், அகலத்திற் பெருத்த தசை நீளத்திற் குறுகுகின்றது என்றும் கருதினார். கையை மடக்கும்போது மேற்புயத் தசை திரண்டெழுவதைக் காண்போருக்கு இக்கொள்கை பொருத்தமாகவே தோன்றும். நரம்பின் வழியே ஏதோ ஒன்று பாய்ந்து தசையை நிரப்புகின்றது என்னும் எண்ணம், பல வடிவங்களிற் பதினேழாம் நூற்றாண்டு வரை நிலைத்தது. பிரெஞ்சு ஞானியாகிய டேக்காட்டும் இவ்வழியிலேயே சிந்தித்தார்.

இக்கொள்கையை ஒரு துளி நீர் வீழ்த்தியது. ஒல்லாந்து நாட்டவரான யான் சுவாமர்தாம் (1637-1680), தவளையின் தொடைத்தசையை நரம்போடு எடுத்து, ஒரு கண்ணாடிக் குழாயினுள் வைத்து அடைத்தார். அக்குழாயின் நுனி மயிர் போல நுண்ணியது. அதில் ஒரு நீர்த்துளியை நிறுத்தினார். உயிர்க்காற்றுப் புகுந்து தசை பருக்குமாயின் துளி மேலெழுதல் வேண்டும். நரம்பைத் தூண்டத் தசை சுருங்கியது; துளியோ மேலெழவில்லை. தசை சுருங்கும்போது அதன் வடிவம் மாறுகின்றதேயன்றிக் கனவளவு பெருகுவதில்லை என்பது இதனாற் புலனாயிற்று. எனினும் சுவாமர்தாமின் ஆய்வுகள் அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பின், 1737 ஆம் ஆண்டிலேயே நூலாக வெளிவரத் தொடங்கின. உண்மை அறியப்பட்டும் உலகை அடையக் காலம் தாழ்த்தமைக்கு இது முதல் எடுத்துக்காட்டு.

வரிகளைக் கண்டோர்

தசைக்குள் எதுவும் புகவில்லையெனின், தசையின் உள்ளமைப்பிலேயே விடையைத் தேடவேண்டும். அதற்கு வழிவகுத்த கருவி நுணுக்குக்காட்டி. தசைநார்களிற் குறுக்கு வரிகள் இருப்பதைப் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இலேவன்கூக்கு கண்டார். 1840 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் போமன் இவ்வரிகளைப் பல விலங்குகளிலும் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். 1858 இல் வியன்னாவைச் சேர்ந்த எர்ணசுட் புறூக்கே, முனைவாக்கிய ஒளியிற் பார்த்தபோது ஒருவகைப் பட்டைகள் ஒளிர்வதையும் மற்றவை இருண்டே இருப்பதையும் கண்டு, பட்டைகள் இரண்டும் அமைப்பால் வேறுபட்டவை என நிறுவினார்.

இவ்வமைப்பைச் சுருக்கமாக விளக்குவாம். தசைநார் ஒவ்வொன்றும் மிக நீண்ட ஒரு கலம். அதனுள்ளே நெடுக்காகப் பல்லாயிரம் சிறுநார்கள் ஓடுகின்றன. சிறுநார் ஒவ்வொன்றிலும் கரும்பட்டையும் வெண்பட்டையும் மாறிமாறி அமைந்துள்ளன. வெண்பட்டையின் நடுவே ஒரு மெல்லிய கோடு உண்டு. அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியே தசைப்பாத்து எனப்படும். அதன் நீளம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குச் சிறிது மிகையாகும். தசை முழுதும் சுருங்குதல் என்பது, இத்தசைப்பாத்துகள் யாவும் ஒருங்கே குறுகுதலேயாம்.

இனி எழும் வினா இது: தசைப்பாத்துக் குறுகும்போது எப்பட்டை குறுகுகின்றது? 1869 ஆம் ஆண்டில் ஜேர்மானிய உடற்கூற்றறிஞர் வில்லெம் கிறவுசே, கரும்பட்டையின் நீளம் மாறுவதில்லை, வெண்பட்டையே குறுகுகின்றது எனக் கூறினார். கரும்பட்டையினுள்ளே நுண்ணிய கோல்கள் நிறுத்தப்பட்டிருப்பதாகவும் அவர் எண்ணினார். இன்று நாம் அறிந்துள்ள உண்மையின் பாதியை அவர் அன்றே தொட்டுவிட்டார் எனலாம்.

மறதி வந்த வழி

ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தசையை ஆராய்ந்தோருட் பெரும்பாலோர் கிறவுசேயின் கூற்றைப் பொருட்படுத்தவில்லை. இதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, கருவியின் எல்லை. கரும்பட்டையின் நீளம் ஏறக்குறைய 1.6 மைக்கிரோமீற்றர், ஒளியலையின் நீளமோ ஏறக்குறைய அரை மைக்கிரோமீற்றர். அளக்கும் கோலும் அளக்கப்படும் பொருளும் இவ்வளவு நெருங்கியிருக்கையில், நுணுக்குக்காட்டியைச் சிறிது ஏற்றி இறக்கினாலே கருமை வெண்மையாகவும் வெண்மை கருமையாகவும் தோன்றும். ஆகவே ஒருவர் கண்டதை மற்றவர் மறுத்தனர். உட்ரெக்ட் நகரில் ஆராய்ந்த எங்கெல்மன் போன்றோர் கிறவுசேயினின்றும் வேறான முடிபுகளை வெளியிட்டனர். முரண்பட்ட சான்றுகள் மலிந்தபோது, அவற்றை நிறுத்துப் பார்ப்பதைவிட யாவற்றையும் ஒதுக்கிவிடுதல் எளிதாயிற்று.

இரண்டாவது, தருக்கம் போலத் தோன்றிய ஒரு வாதம். குடலிலும் குருதிக்குழாய்களிலும் உள்ள தசைகளில் வரிகள் இல்லை. எனினும் அவை சுருங்குகின்றன. ஆதலால் வரிகள் சுருக்கத்திற்கு இன்றியமையாதன அல்ல என்றனர். வரியற்ற தசையிலும் அதே இருவகை இழைகள் உள்ளன என்பதும், அவை ஒழுங்காக நிரல்படாமையாலேயே வரிகள் தோன்றவில்லை என்பதும் பிற்காலத்திலேயே தெரியவந்தன.

மூன்றாவது காரணமே வலியது. அறிஞரின் கவனம் நுணுக்குக்காட்டியை விட்டு இரசாயனத்திற் படிந்தது. 1864 ஆம் ஆண்டில் வில்லி கூனே தசையிலிருந்து பிரித்த புரதத்திற்கு மயோசின் எனப் பெயரிட்டார். 1907 இல் கேம்பிறிட்ஜைச் சேர்ந்த பிளெச்சரும் ஒப்கின்சும், ஒட்சிசன் இன்றித் தொழிற்படும் தவளைத்தசையில் இலக்ரிக் அமிலம் சேர்வதைத் தெளிவாகக் காட்டினர். தசையின் வெப்பத்தை அளந்த ஏ. வி. இல்லும், இலக்ரிக் அமிலத்தின் மாற்றங்களை ஆராய்ந்த ஒற்றோ மையர்கோபும் 1922 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பகிர்ந்தனர். இவ்வமிலமே புரதத்தைச் சுருங்கச் செய்கின்றது என்ற கொள்கை ஓங்கியது.

அக்கொள்கையும் நிலைக்கவில்லை. 1930 இல் கோப்பன்கேகன் நகரின் ஐனார் இலுண்ட்சுகார்டு, அயடோவசற்றிக் அமிலம் என்னும் நஞ்சூட்டிய தசை, இலக்ரிக் அமிலம் சிறிதும் தோன்றாமலே பலமுறை சுருங்குவதைக் காட்டினார். ஏ. வி. இல் தாம் பாடுபட்டு வளர்த்த கருத்தின் வீழ்ச்சியை மறைக்கவில்லை. 1932 இல் எழுதிய கட்டுரைக்குத் ‘தசை உடற்றொழிலியலில் ஏற்பட்ட புரட்சி’ என்னும் பொருள்படவே தலைப்பிட்டார்.

அமிலம் அன்றெனின் சத்தியைத் தருவது யாது? இவ்விடத்திற் கீழைநாட்டார் ஒருவரின் பெயரையும் நினைதல் தகும். ஆந்திர நாட்டிற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்று, அமெரிக்கா சென்று ஆவாட் மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றிய எல்லாப்பிரகட சுப்பராவ், சைறசு பிசுக்குடன் சேர்ந்து 1927 இல் தசையிலுள்ள கிரியேற்றின் பொசுபேற்றை இனங்கண்டார். 1929 ஆம் ஆண்டில் ஜேர்மனியிற் காள் உலோமனும், அமெரிக்காவிற் பிசுக்கும் சுப்பராவும் தனித்தனியே அடினோசீன் முப்பொசுபேற்றைக் கண்டறிந்தனர். ஏ.ரீ.பி. எனச் சுருக்கமாக வழங்கும் இப்பொருளே உயிர்க்கலங்களின் பொது நாணயம். 1939 இல் மொசுக்கோவின் எங்கெல்காட்டும் உலியுபிமோவாவும், மயோசின் வெறும் கட்டுமானப் பொருளன்று, ஏ.ரீ.பி.யைப் பிளக்கும் நொதியமும் அதுவே என வெளியிட்டனர். வேலை செய்யும் பொறியும் எரிபொருளை எரிக்கும் உலையும் ஒன்றே எனத் தெரியவந்த செய்தி இது.

இவை யாவும் பெருங் கண்டுபிடிப்புகள். ஆயின் இவற்றால் எழுந்த ஒரு மனப்பாங்கு, புரத மூலக்கூறே இறப்பர் போலவும் கம்பளிமயிர் போலவும் மடிந்து குறுகுகின்றது என்பதாகும். கம்பளிமயிரின் புரதத்தை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்த இலீட்சு நகரின் அசுற்பெரி, மயோசினும் அதனை ஒத்ததே எனக் கண்டமை இவ்வெண்ணத்திற்கு வலுவூட்டியது. மூலக்கூறு மடிகின்றதாயின் கரும்பட்டையும் குறுகத்தானே வேண்டும்? கொள்கைக்கு ஒவ்வாத காட்சி இவ்வாறு மறதியில் ஆழ்ந்தது.

செகெட் நகரிற் செய்த ஆய்வு

இரண்டாம் உலகப்போர் நிகழ்ந்த காலத்தில், அங்கேரி நாட்டின் செகெட் நகரில் அல்பேட் சென்ற்-ஜியோஜி தம் குழுவினருடன் தசையை ஆராய்ந்துகொண்டிருந்தார். உயிர்ச்சத்து சீ தொடர்பான ஆய்வு உட்பட்ட பணிகளுக்காக 1937 இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அவருடைய துணைவரான இலோனா பங்காவுடன் செய்த ஆய்வில் விந்தையொன்று தோன்றிற்று. தசையைச் சிறிது நேரம் உப்புக்கரைசலில் ஊறவிட்டு எடுத்த மயோசின் நெகிழ்வாக இருந்தது. ஓரிரவு ஊறவிட்டு எடுத்ததோ தடித்துப் பிசுபிசுத்தது. பின்னதில் வேறொரு புரதமும் கலந்துள்ளதென்பதை 1942 ஆம் ஆண்டில் புறூனோ இசுற்றவுப் நிறுவி, அதனைப் பிரித்தெடுத்தார். அதற்கு அக்ரின் எனப் பெயர் வைத்தனர்.

இவ்விரு புரதங்களும் சேர்ந்த கலவையை நுண்ணிய நூலாக இழுத்து, அதன்மேற் கொதிக்கவைத்த தசைச்சாற்றை இட்டபோது, அந்நூல் கண்முன்னே குறுகிற்று. சாற்றிலிருந்த ஏ.ரீ.பி.யும் உப்பு அயன்களுமே அதற்குக் காரணம். உயிரற்ற குப்பியிலே உயிரின் அசைவு நிகழ்ந்தது. தம் ஆய்வு வாழ்விற் பெற்ற பேருவகை இதுவே எனச் சென்ற்-ஜியோஜி பிற்காலத்திற் குறித்துள்ளார்.

போரின் காரணமாக இவர்களுடைய வெளியீடுகள் பிறநாட்டாரை உடனே எட்டவில்லை. சென்ற்-ஜியோஜி 1943 இல் நேச நாடுகளுடன் இரகசியத் தொடர்பு கொள்ள இசுதான்புல் சென்றார். அது வெளிப்பட்டபின் நாசிகளின் இரகசியப் பொலிசாருக்கு அஞ்சி ஒளிந்து வாழ நேர்ந்தது. போர் முடிந்த பின்னரே செகெட்டின் ஆய்வுகளை உலகம் நன்கறிந்தது. சுருக்கத்திற்கு இரு புரதங்கள் வேண்டும் என்பது துணிபாயிற்று. அவை தசைநாருள் எங்கு, எவ்வாறு அமைந்துள்ளன என்பது மட்டும் தெரியவில்லை.

வழுக்கும் இழைகள்

போர்க்காலத்தில் விமானப்படைக்காக இறேடார்க் கருவிகளில் வேலை செய்த இளைஞர் இயூ அக்சிலி, போருக்குப்பின் கேம்பிறிட்ஜுக்கு மீண்டு, தவளைத்தசையை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தார். தசைக்குள் நீண்ட இழைகள் அறுகோண ஒழுங்கில் நிற்பதை அவர் கண்டார். 1952 இல் அமெரிக்காவின் மசச்சூசெற்சுத் தொழினுட்ப நிலையத்திற்குச் சென்று இலத்திரன் நுணுக்குக்காட்டியைக் கையாளலானார். அடுத்த ஆண்டில் இலண்டனிலிருந்து யீன் ஆன்சன் என்னும் அம்மையார் அங்கு வந்து சேர்ந்தார். இருவரும் முயற்றசையின் சிறுநார்களை எடுத்து, செறிந்த உப்புக்கரைசலால் மயோசினைக் கரைத்தபோது கரும்பட்டையே மறைந்தது. ஆகவே மயோசின் கரும்பட்டையிலுள்ள தடித்த இழைகளில் உள்ளது என்றும், அக்ரின் வெண்பட்டையிற் தொடங்கிக் கரும்பட்டையினுட் புகும் மெல்லிய இழைகளில் உள்ளது என்றும் முடிவுகட்டினர்.

அதே காலத்திற் கேம்பிறிட்ஜில் அன்றூ அக்சிலி என்னும் மற்றோர் அறிஞர், உரோல்வ் நீடகெக்கே என்பாருடன் இதே வினாவை வேறு வழியால் ஆராய்ந்தார். டாவினின் கொள்கைக்காக வாதாடிய தோமசு என்றி அக்சிலியின் பேரர் இவர். இயூ அக்சிலிக்கு உறவினர் அல்லர். பழைய நுணுக்குக்காட்டிகளின் குறையை அறிந்த அவர், உயிருள்ள தசைநாரிலும் பட்டைகளைத் திருத்தமாக அளக்கவல்ல தலையீட்டு நுணுக்குக்காட்டி ஒன்றைத் தாமே வடிவமைத்தார். அதனூடு நோக்கியபோது, தசைநார் சுருங்கினும் நீளினும் கரும்பட்டையின் நீளம் மாறாதிருந்தது.

1954 ஆம் ஆண்டு மே மாதம் 22 ஆம் நாள் வெளிவந்த ‘நேச்சர்’ இதழில், இரு குழுவினரின் கட்டுரைகளும் அடுத்தடுத்து வெளியாயின. இரண்டும் உரைத்த பொருள் ஒன்றே: இழைகள் குறுகுவதில்லை, ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. இரு கைகளின் விரல்களையும் ஒன்றனிடையே ஒன்றாகக் கோத்து உள்ளே நெருக்கினால், விரல்கள் குறுகாமலே கைகளுக்கிடைப்பட்ட தூரம் குறையும். தசையும் அவ்வாறே குறுகுகின்றது.

கிறவுசே 1869 இற் கண்டதும் இதுவே. அன்றூ அக்சிலி பின்னர்ப் பழைய ஆய்வேடுகளைத் தேடிப் படித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டினர் அறிந்திருந்தவற்றை எடுத்துக்காட்டினார். 1980 இல் வெளிவந்த தசை பற்றிய தம் விரிவுரை நூலில், இம்மறதி நேர்ந்த வகையை விரிவாகவும் ஆராய்ந்தார். புதியன கண்டவரே பழையோர்க்கு உரிய பெருமையையும் மீட்டளித்தமை போற்றற்குரியது.

ஐயமும் சான்றும்

புதிய கொள்கையை யாவரும் உடனே ஏற்றிலர். மடிப்புக் கொள்கையினர் பல ஆண்டுகள் மறுத்து நின்றனர். 1957 இல் இயூ அக்சிலி மிக மெல்லிய வெட்டுத்துண்டுகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் படம்பிடித்து, தடித்த இழையிலிருந்து மெல்லிய இழையை நோக்கி நீளும் குறுக்குப் பாலங்களைக் காட்டினார். வழுக்குதலை நிகழ்த்துவன இப்பாலங்களே எனின், இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துள்ள அளவிற்கேற்பவே இழுவிசையும் அமைதல் வேண்டும். 1966 இல் கோடன், அன்றூ அக்சிலி, யூலியன் ஆகிய மூவரும் தனித் தவளைத்தசைநாரில் இதனைச் சோதித்தனர். தசைப்பாத்தின் நீளம் 2.0 தொடக்கம் 2.2 மைக்கிரோமீற்றர் வரை இருக்கையில் விசை உச்சமாக இருந்தது. அதனை மேலும் இழுக்க இழுக்க விசை சீராகக் குறைந்து, இழைகள் முற்றாக விலகும் ஏறக்குறைய 3.6 மைக்கிரோமீற்றரில் அற்றுப்போயிற்று. கணக்கும் காட்சியும் ஒன்றாயின.

பாலங்கள் யாவும் ஒருங்கே பற்றி ஒருங்கே விடுவன அல்ல. கரைவலை இழுப்போரைப் பார்த்தோர்க்கு இது எளிதில் விளங்கும். ஒருவர் கயிற்றை விட்டு முன்சென்று மீண்டும் பற்றும்போது ஏனையோர் இழுத்துக்கொண்டிருப்பர். ஆதலின் வலை பின்வாங்குவதில்லை. தடித்த இழை ஒன்றில் ஏறக்குறைய 300 மயோசின் மூலக்கூறுகள் உள்ளன. அவற்றின் தலைகளே அக்ரினைப் பற்றி, வளைந்து இழுத்து, பின் விடுகின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் ஏ.ரீ.பி. மூலக்கூறு செலவாகின்றது. தலை தன் பிடியை விடுவதற்கும் ஏ.ரீ.பி. வந்து சேர்தல் வேண்டும். உயிர் நீங்கியபின் அது தீர்ந்துபோவதால் பிடி விடப்படாது உடல் விறைக்கின்றது.

தசையை இயக்கும் கட்டளை எது? இதன் தடயமும் பழையதே. 1883 இல் சிட்னி இறிங்கர், தவளையின் இதயம் இலண்டன் குழாய்நீரிற் செய்த உப்புக்கரைசலில் துடிப்பதையும், வடித்த நீரிற் செய்ததில் துடிப்பு நிற்பதையும் கண்டு, குழாய்நீரிலிருந்த கல்சியமே இதற்குக் காரணம் என அறிந்தார். ஏறக்குறைய எண்பது ஆண்டுகளின் பின் யப்பானின் செற்சுரோ எபாசி, எலும்புத்தசைக்கும் கல்சியமே திறவுகோல் எனப் பலருடைய ஐயத்திற்கு எதிராக நிறுவினார். நரம்புத் தூண்டல் வந்ததும் கல்சியம் அயன்கள் கலத்தினுள்ளே வெளிப்பட்டு, மெல்லிய இழையிலுள்ள துரோப்பொனின் என்னும் புரதத்தைப் பற்றுகின்றன; அதனால் மயோசின் பற்றவேண்டிய இடம் திறக்கின்றது. அவ்வயன்கள் மீளச் சேமிக்கப்பட்டதும் தசை தளர்கின்றது.

1993 இல் மயோசின் தலையின் முழுவடிவமும் எக்ஸ் கதிர்களால் வெளிப்பட்டது. 1994 இல், ஒளிக்கற்றையால் நுண்மணிகளைப் பிடித்துவைத்து, தனியொரு மயோசின் மூலக்கூறு இழுக்கும் தூரம் ஏறக்குறைய 11 நனோமீற்றர் என அளந்தனர். இவ்வறிவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. இதயத்தசை மிகத் தடிக்கும் பரம்பரை நோய், சில குடும்பங்களில் மயோசினின் பிழையால் நேர்வது 1990 இற் கண்டறியப்பட்டது. அம்மயோசினின் மிகைத்தொழிலைத் தணிக்கும் மருந்தொன்று 2022 இல் அமெரிக்காவில் ஏற்பளிக்கப்பட்டது. வரிகளைப் பற்றிய பழைய வாதம் இன்று நோயாளரின் மூச்சோடும் தொடர்புடையதாயிற்று.

முடிவுரை

இவ்வரலாறு முழுவதிலும் ஓர் உண்மை இழையோடுகின்றது. இலக்ரிக் அமிலக் கொள்கையை வீழ்த்தியது ஒரு காட்சி. இலுண்ட்சுகார்டு அதனை வெளியிட்டார், இல் அதனை ஏற்றார். மடிப்புக் கொள்கையை வீழ்த்தவல்ல காட்சியோ, அக்கொள்கை பிறப்பதற்கு முன்னரே நூலகங்களிற் கிடந்தது. எடுத்துப் பார்ப்பார் இல்லை. அறிவில்லாதோர் செய்த பிழையன்று இது. ஆற்றல் மிக்க அறிஞர் பலர் செய்தது. புதிய கருவியும் புதிய துறையும் தந்த ஒளியில், முன்னோர் கண்டவை மங்கித் தெரிந்தன.

விஞ்ஞானம் பயிலும் மாணவர் ஆய்வுகூடத்திற் காணும் காட்சி பாடநூலோடு பொருந்தாதபோது, அதனை அழித்துவிட்டுப் பொருந்துவதை எழுதும் வழக்கம் எங்கும் உண்டு. கண்டதைக் கண்டவாறே குறித்து, நாளும் இட்டுப் பாதுகாத்தலே தக்கது. விளக்கம் பிழையாகலாம், திருத்தமான காட்சி பிழையாவதில்லை. கிறவுசேயின் குறிப்பு 85 ஆண்டுகள் கழித்தேனும் தன் பொருளைப் பெற்றது, அவர் அதனை எழுதிவைத்தமையாலன்றோ?